அணங்கின் முகமூடி

பினாங்கின் வெல்ட் கீயில் தூண்கள்மீது நிற்கும் சீனர் குடித்துறைகளின் பலகைப் பாதையில், விளக்குகள் அணைந்தபின் ஒருமுறை நடந்து பார்த்தவர்க்குக் கடலோர ஊரின் அச்சம் எங்கே பிறக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை; காலடியில் பலகை முனகும், அதன்கீழ் கண்ணுக்குத் தெரியாத நீர் அசையும், வேறொன்றும் நிகழாது; அந்த நிகழாமையே நெஞ்சை இறுக்கும். இவ்வனுபவத்தை மூலதனமாகக் கொண்டு எழுந்த மலாய்ப் பேய்ப்படங்கள், தம் கைவசமிருந்த இருளை எவ்வளவு நம்பின என்பதே என் ஐயம்.

சிங்கப்பூர்க் கிழக்குக் கரைச் சாலையில் கடலருகே ஸ்டூடியோ வைத்திருந்த கேத்தே-கெரிஸ் நிறுவனம், 'பொந்தியானாக்' என்ற படத்தை 1957 ஏப்ரல் 27 அன்று வெளியிட்டது. இயக்கியவர், தமிழில் 'சாலிவாகனன்' (1945) முதலியவற்றை எடுத்துவிட்டுக் கடல் கடந்து வந்த பி. என். ராவ். கூனியாய், குரூபியாய் வளர்ந்த சோமேல் என்னும் பெண், மருந்தொன்றை அருந்திப் பேரழகியாகிறாள். மணந்து ஒரு மகளையும் பெறுகிறாள். கணவனைப் பாம்பு தீண்ட, நஞ்சை வாயால் உறிஞ்சும்போது நாவில் பட்ட இரத்தம் அவளைப் பொந்தியானாக் என்னும் பேயாக்குகிறது. அக்கணமே அவன் அவளுக்கு இரையாகிறான். அச்சத்தின் நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியர் அணங்கை முதலிலும் விலங்கை அடுத்தும் வைத்தார். இக்கதையிலோ விலங்கின் பல்லிலிருந்தே அணங்கு பிறக்கிறது. உயிர் காக்கும் செயலே உயிர் பறிக்கும் வாசலாகிவிடும் இந்தக் கொடுமையைக் காட்டிலும் பயானக ரசத்துக்கு உறுதியான அஸ்திவாரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அஸ்திவாரம் இட்டவர்கள் கட்டடத்தின்மேல் கோரைப்பல் முகமூடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். தொடரின் மூன்றாம் படமான 'சும்பா பொந்தியானாக்' (1958) இன்றும் காணக் கிடைக்கிறது. தென்னை நிழலும் அத்தாப்புக் கூரையும் காற்றும் சேர்ந்து அரும்பாடுபட்டுச் சேர்க்கும் திகிலை, தலைவிரி கோலமாக வந்து நிற்கும் ஒப்பனை உருவம் ஒரு நொடியில் செலவழித்துவிடுகிறது. நாயகி மரியா மெனாடோவின் அழகிய முகமே உண்மையில் அஞ்சத் தக்கது. அது எப்போது மாறும் என்பது நமக்குத் தெரியாது. மாறி முடிந்தபின் அஞ்சுவதற்கு என்ன மிச்சம்? இப்பலவீனம் மலாய்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. மூடுபனியையே பாத்திரமாக்கி, கடலோரச் சிற்றூரின் பழம்பாவத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பெண்டர்கூட, 'தி ஃபாக்' (1980) படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்ததும் நம்பிக்கை இழந்து, திடுக்கிட வைக்கும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்.

இடையிடையே வரும் பாட்டையும் வேடிக்கையையும் குறைசொல்வோர் உண்டு. நான் அவ்வளவு கடுமை காட்ட மாட்டேன். முதற்படத்தில் சாத்தே விற்றுப் பாடிய நடிகர் வாஹிட், ஆயுள் முழுதும் 'வாஹிட் சாத்தே' என்றே அழைக்கப்பட்டார். கம்போங் என்னும் மலாய்ச் சிற்றூரின் அன்றாடம் இவ்வளவு சுவையாக இல்லாவிடில், அதைக் குலைக்க வரும் பேய்க்கு என்ன மதிப்பு? இந்தப் பினாங்கில் பிறந்த பி. ரம்லீயின் 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' (1958) இவ்விஷயத்தில் ஒரு படி மேல். ஊர் எள்ளிய கூனனின் மனப்புண்ணை முதலில் நம்முடையதாக்கிவிட்டே அவனை எண்ணெய் மனிதனாக்குகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அடங்கிய மனைவியாகிவிடுவாள் என்பது மலாய் நம்பிக்கை. பேய் பிடித்தவளின் உச்சிமயிரை மரத்தோடு வைத்து ஆணி அடிப்பது நம் தமிழகத்துச் சம்பிரதாயம். கணவனைக் காக்க முனைந்தவளுக்கு ஏன் இந்த ஆணி என்று படம் கேட்டிருக்கலாம். தாய்மையைக் காட்டி இரக்கத்தைத் தூண்டும் திறமை ராவுக்கு இருந்தும், அக்கேள்வியின் விளிம்புவரை வந்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார். 1964 வரை தொடர்ந்த பாகங்களில் துயரம் தேய்ந்து ஒப்பனை வளர்ந்தது.

முதலிரண்டு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் சுருள்களை நீரில் எறிந்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. கேத்தே அரங்கில் அன்று கூட்டம் கண்ட முகமூடி எப்படி இருந்ததென்று இனி யாரும் பார்க்கப் போவதில்லை. சோமேலும் பாம்பும் இரத்தத் துளியும் மட்டும் கதையாகக் கேட்பவரிடம் வந்து சேர்கின்றன. எனக்கென்னவோ, நான் பார்த்த மூன்றாம் படத்தைவிடப் பாராத அந்த முதற்படமே அதிகம் பயமுறுத்துகிறது.