பாட்டு முந்தி, கதை பிந்தி

பாட்டுள்ள படம் எங்கட ஆக்களுக்குப் புதிதல்ல. வழக்கமாகக் கதையை வைத்துக்கொண்டுதான் பாட்டு எழுதுவார்கள். ‘மம்மா மியா!’ அதைத் தலைகீழாகச் செய்கிறது. சுவீடனின் ‘அபா’ குழு 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பாடி உலகமெல்லாம் பரவிய பாட்டுகளை எடுத்து, கத்தரின் ஜோன்சன் அவற்றுக்கு ஒரு கதை கட்டினார். 1999இல் லண்டன் மேடையில் அது நாடகமானது. 2008இல் ஃபிலிடா லொயிட் அதைத் திரைப்படமாக்கினார்.

கதை சின்னது. கிரேக்கத் தீவொன்றில் பழைய ஹோட்டல் நடத்தும் டொனா, தனியே வளர்த்த இருபது வயது மகள் சோஃபிக்குக் கலியாணம். தாயின் பழைய டயறியைக் களவாகப் படித்த மகள், தன் தகப்பனாக இருக்கக்கூடிய மூன்று பேருக்கும் அழைப்பு அனுப்புகிறாள். மூவரும் வந்திறங்குகிறார்கள்.

நம்மில் பலருக்கு இந்த இடத்திலேயே முகம் சுளிக்கும். ஆனால் நான் குறையாகச் சொல்வது வேறொன்று. தன் வாப்பா யார் என்பது ஒரு பிள்ளைக்கு விளையாட்டுக் கேள்வியல்ல. அதைத் தேடித்தான் சோஃபி கடிதம் எழுதினாள். படமோ ஆளுக்கு மூன்றிலொரு பங்கு தகப்பன் என்று சிரித்து, அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டதே!

பல பாட்டுகள் இப்படித்தான் கதையில் ஒட்டவைத்தவை. கடன்காரிக்குக் காசுப் பாட்டு, கலியாண வீட்டுக்குக் கும்மாளப் பாட்டு. பியர்ஸ் பிராஸ்னன் பாடும்போது, ஜேம்ஸ் பொண்டுக்குத் துவக்கே போதும் என்று தோன்றுகிறது. ஆனாலும் ‘டான்சிங் குவீன்’ வரும் இடத்தில், தீவுப் பெண்கள் கை வேலையைப் போட்டுவிட்டு டொனாவோடு இறங்குதுறைக்கு ஆடி ஓடுவதைப் பார்த்து முகத்தை இறுக்கி வைத்திருக்க ஏலாது.

இரண்டு இடங்களில் மட்டும் படம் வேறாகிவிடுகிறது. ஒன்று, கலியாண நாளில் டொனா மகளை அலங்கரிக்கும் காட்சி. மற்றது, கோயிலுக்கு ஏறும் மலைப் பாதையில் பழைய காதலனை நிறுத்தி மெரில் ஸ்ட்ரீப் பாடும் காட்சி. சால்வை காற்றில் அடிக்கிறது. இத்தனை வருட வைராக்கியமும் அந்த முகத்தில் உடைகிறது. இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த நாம் மௌனமாகிறோம்.

ஏன் இந்த இரண்டும் மட்டும்? இரண்டு பாட்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. பள்ளிக்கூடம் போகும் சின்ன மகளைப் பார்த்துப் பியோன் உல்வேயஸுக்கு வந்த நினைப்பு ஒன்று. மனைவி அக்னெத்தாவைப் பிரிந்த காலத்தில் அவர் எழுதியது மற்றது. இரண்டையும் பாடியது அக்னெத்தாதான். ஒரு குடும்பம் கலைந்த வலி அந்தப் பாட்டுகளுக்குள் ஏற்கெனவே கிடந்தது. தனியே பிள்ளை வளர்த்த தாயின் வாயில் வந்ததும் அது தன் இடத்தைக் கண்டுகொண்டது. மற்றப் பாட்டுகளுக்குக் கதை வெறும் கொடிக்கயிறு. இந்த இரண்டுக்கும் அதுதான் வீடு.

பாட்டு பழசா புதுசா என்பதல்ல விசயம். அதைப் பாடுவதற்குப் பாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும். ‘மம்மா மியா!’வுக்கு அந்தக் காரணம் இரண்டு தடவைதான் கிடைத்தது. அந்த இரண்டுக்காகவே மற்றக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கூத்தும் அப்படியொன்றும் மோசமில்லை.