இமையில் யாருடைய மடிப்பு?

இரட்டை இமை அறுவைக்கு வரும் பெண்ணிடம் மருத்துவர் சொல்பவை: இமையை மரத்துப்போகச் செய்து கீறி, மடிப்பு விழும்படி தைப்போம், ஒரு வாரத்தில் தையல் பிரிப்போம், வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் ஆகலாம், இரு கண்களும் ஒன்றுபோல் அமையாமலும் போகலாம். எல்லாம் உண்மைதான். மடிப்பில்லாத கண்ணும் நன்றாகத்தான் பார்க்கிறது. அதைக் குறை என்றது யார் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

1954இல் கொரியாவில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட், கொரியர்களின் கண்களை மேற்கத்தியக் கண்களாக மாற்ற முனைந்தார். ஆனால் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896லேயே இமை மடிப்பை உண்டாக்கியிருந்தார். எனவே வெள்ளையர் மோகம் என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது.

தென்கொரியாவில், வேலைக்குத் தேவையில்லாதபோது விண்ணப்பதாரரின் தோற்றம், உயரம், எடை பற்றிய விவரங்களைக் கேட்கக் கூடாதென 2019இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. முகமும் ஒரு தகுதியாக எடைபோடப்பட்ட இடத்தில், ‘அவளாக விரும்பித்தானே செய்துகொண்டாள்’ என்பது பாதி உண்மை. அவளைக் கேலி செய்வதில் பெண்ணியம் இல்லை. முகம் பார்த்து வேலை கொடுப்பவர்களைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.