எல்லவில் வீடு விற்கும் முன்: கூகுள் மேப்ஸ் எவ்வளவு கைகொடுக்கும்?

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வீடு விற்கும் பலர் அதே வீட்டில் ஓரிரு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள். இக்மன் விளம்பரத் தளத்தில் போடும் முன்பே அந்த வீடு கூகுள் மேப்ஸில் பெயர், படங்கள், விருந்தினரின் கருத்துகளோடு நிற்கிறது. கொழும்பிலோ கனடாவிலோ இருந்து வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இடத்தைக் காட்டுவதில் செயலி நன்றாகவே உழைக்கிறது. கடிதம் தோட்ட ஒபீஸ் வழியாக வந்து சேரும் பாதைகளில் வீட்டு இலக்கத்தை நம்ப முடியாது. அங்கே கூகுளின் பிளஸ் கோட் என்ற இடக்குறியீடு உதவும். அதன் முழுக் குறியீடு ஏறத்தாழ 14 மீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தைச் சுட்டும். சமவெளிக்கு அது தாராளம். பதுளைச் சரிவிலோ அந்தச் சதுரத்துக்குள் ரோட்டுக்கு மேல் வீடும் கீழ் வீடும் அடங்கிவிடும். உயரத்தைக் குறியீடு சொல்லாது. ஆகவே வாகனம் நிற்கும் இடத்திலேயே இடக்குறியை வைத்து, ரோட்டிலிருந்து வீடு தெரியும் படத்தையும் சேர்க்க வேண்டும்.

மேப்ஸில் சேர்ந்த நற்பெயரைக் கைமாற்றுவதும் எளிது. வீட்டின் பதிவை நிர்வகிக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைலின் முதன்மை உரிமையை வாங்குபவருக்குக் கொடுத்தால் பழைய கருத்துகளும் அங்கேயே தொடரும். புதியவருக்கு முழு அதிகாரம் கிடைக்க 7 நாள் செல்லும். ஏர்பிஎன்பியில் இந்த வசதி இல்லை. அங்கே சேர்த்த நற்பெயர் விற்பவரின் கணக்கோடு போய்விடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. விருந்தினர் ஏற்றிய படங்களை உரிமையாளர் தாமாக அழிக்க முடியாது. முறைப்பாடு மட்டுமே செய்யலாம். ஸ்ட்ரீட் வியூவில் வீட்டை மங்கலாக்கினால் அதைத் திரும்பத் தெளிவாக்க வழியில்லை. விற்பனைக்கு முன் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

செயலி கைவிடும் இடம் மண். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவைக் கண்டது. இங்கே வீடு வாங்குபவர் முதலில் கேட்பது சரிவைப் பற்றித்தான். செய்மதிப் படத்தில் பச்சை மட்டுமே தெரியும். அபாய வலயம் தெரியாது. தோட்டக் கம்பனியின் காணி எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அவற்றுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடமும், உறுதியோடு இணைந்த நில அளவைப் படமும் வேண்டும்.

வழி காட்டவும் நற்பெயரைக் கைமாற்றவும் மேப்ஸை நம்பலாம். விலை பேசும் மேசைக்கு அது போதாது. இடக்குறியையும் படங்களையும் இப்போதே திருத்தி, அந்த இரண்டு வரைபடங்களின் பிரதிகளையும் விளம்பரத்தோடு தயாராக வைக்க வேண்டும். வாங்குபவர் ஹோம்ஸ்டேயைத் தொடராவிட்டால், உறுதி எழுதி முடிந்த பிறகே புரொஃபைலை மூட வேண்டும்.