முகபாவ அட்டை மட்டும் போதுமா?

ஆசிரியர்களே, பாலர் பள்ளி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் முகபாவ அட்டைகளைக் கொஞ்சம் பாருங்கள். சிரிக்கும் முகம், அழும் முகம், கோபம், பயம். பிள்ளை படத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னால் போதும், 'அடைவு பெற்றது' என்று குறிக்கப்படுகிறது. 2017 தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் சமூக மனவெழுச்சி வளர்ச்சிக்கு இடம் கொடுத்திருப்பது நல்லதுதான். அதை இந்த அட்டைக்குள் அடக்கிவிடுவதுதான் குறை.

பாசீர் கூடாங்கில் ஒரு பி40 குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். தூங்கி எழுந்து வரும் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, 'இப்ப எதுவும் கேக்கக் கூடாது' என்று ஐந்து வயதுப் பிள்ளை ஒதுங்கிவிடும். முகத்தைப் படிக்க அதற்கு அட்டை தேவையில்லை. ஆனால் அது கோபமா, களைப்பா, வாடகைக் கவலையா? அது தெரியாது. 'நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். அட்டை தொடாமல் விடும் இடம் இதுதான்.

ஜூடி டன் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். மூன்று வயதில் வீட்டில் உணர்வுகளைப் பற்றி அதிகம் பேசிக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயதில் பிறர் உணர்வை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். போன்ஸ், ஹாரிஸ், டி ரொஸ்னே ஆகியோர் 2004-இல் உணர்வுப் புரிதலை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். முகத்தை அடையாளம் காண்பது அதில் ஒன்றே ஒன்று.

இதைப் படித்துவிட்டு, 'ஏழைப் பெற்றோருக்குப் பேசத் தெரியாது' என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஷிப்ட் வேலையில் பறிபோவது நேரம், சொல் இல்லை. நம் பேச்சுத் தமிழில் உணர்வுச் சொல்லுக்குப் பஞ்சமா என்ன? ஏக்கம், ரோஷம், கடுப்பு, 'மனசு ஒரு மாதிரியா இருக்கு'... பிள்ளை 'கடுப்பா இருக்கு' என்றால் 'கோபம் என்று சொல்' எனத் திருத்துகிறோமே, அது எனக்கு ஒப்பவில்லை. கடுப்பு வேறு, கோபம் வேறு.

தேர்வு எழுதும் மாணவர்கள் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். எட்டு மெய்ப்பாடுகளைப் பெயர் சொன்னதோடு அது நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களும் சொல்கிறது. அழுகைக்குச் சொன்ன நான்கில் வறுமையும் ஒன்று! அந்தக் 'காரணம்' என்ற பகுதிதான் நம் அட்டையில் இல்லை.

அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். படத்தைக் காட்டி, 'ஏன் இப்படி இருக்காங்க?' என்று கேளுங்கள். பதில் வந்ததும், 'வேற என்ன காரணமா இருக்கலாம்?' என்று இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு பதிலும் சரியாக இருக்கலாம். ஆனால் 'உங்க வீட்டுல அம்மா எப்ப அழுவாங்க?' என்று வகுப்புக்கு நடுவில் கேட்காதீர்கள். வீட்டுக் கஷ்டத்தைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வைப்பது பாடம் ஆகாது.

பெற்றோர் சந்திப்பில் நீண்ட அறிவுரையும் வேண்டாம். 'அம்மாவுக்கு வேல அலுப்புடா, உன்மேல கோவம் இல்ல' என்று வேலை முடிந்து வந்ததும் சொல்லச் சொல்லுங்கள். பத்து விநாடி போதும். இரவு ஷிப்ட் அம்மாவுக்கும் அது முடியும்.