மாளிகாவத்தைக்கு யார் தந்த ஐகாரம்?

கொழும்பு 10இல் இருக்கும் அந்த இடத்தைச் சிங்களவர் ‘மாளிகாவத்த’ என்பார்கள். தமிழில் எழுதும்போது நாம் கடைசியில் ஓர் ஐகாரத்தைக் கொடுத்து ‘மாளிகாவத்தை’ ஆக்கிவிடுகிறோம். பொரளை, தெஹிவளை, பஞ்சிகாவத்தை, பதுளை, கேகாலை எல்லாம் இப்படி வந்தவைதான். எந்தத் திணைக்களமும் சுற்றறிக்கை விடவில்லை, எழுதியவர் கையில் தானாக வந்த வழக்கம் இது. சிங்கள ஊர்ப்பெயர்களைத் தமிழாக்கும் இந்தப் பழக்கத்தால் நமக்கு என்ன கிடைத்தது, என்ன கெட்டது என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

இலக்கணக் காரணம் எளிது. பல, சில போன்ற ஒருசில சொற்களைத் தள்ளிவிட்டால், தமிழ்ப் பெயர்ச்சொல் அகரத்தில் முடிய விரும்புவதில்லை. வடமொழியின் ஆகார ஈற்றைத் தமிழ் எப்போதோ ஐகாரமாக்கிக்கொண்டது: சீதா சீதை ஆனாள், கங்கா கங்கை ஆயிற்று, லங்கா இலங்கை ஆயிற்று. நன்னூலின் பதவியலில் வடமொழியாக்கம் என்ற பகுதியில் இதற்கு விதியே உண்டு. நன்னூலாசிரியர் பவணந்தியார் ஆகாரத்துக்குச் சொன்னதை நம்மவர் சிங்களத்தின் அகரத்துக்கும் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஐகாரம் இல்லாவிட்டால் பெயர் தமிழில் நடமாட முடியாது என்று சொல்வதற்கில்லை. மகரகமவில், ஹோமாகமவுக்கு என்று இடையில் ஒரு வகரத்தைப் போட்டு நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன, படிப்பவருக்கும் புரிகிறது. ஆனால் ‘மாளிகாவத்தையில்’ என்பதில் உள்ள இயல்பு ‘ஹோமாகமவில்’ என்பதில் இல்லை. முதலாவது நம் ஊர்ப்பெயராகக் கேட்கிறது. இரண்டாவது செய்தியில் வந்த பெயராகக் கேட்கிறது. தமிழர் நெடுங்காலம் குடியிருந்த, வியாபாரம் செய்த, ரயிலேறிப் போன இடங்களே பெரும்பாலும் ஐகாரம் பெற்றிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. விதிவிலக்குகளும் உண்டு.

இந்த ஐகாரத்தின் பெரிய நன்மை, அது பெயரை அடையாளம் தெரியாதபடி மாற்றுவதில்லை என்பது. பேச்சில் ஈற்று ஐகாரம் எப்படியும் குறுகிவிடுகிறது. ‘வெள்ளவத்த’ என்றுதான் வாயில் வரும். உருபு ஏறும்போது மட்டும் அது தலை நிமிர்த்துகிறது. ஓய்வூதியத் திணைக்களம் மாளிகாவத்தையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோட்டையில் இறங்கி, கடிதத்தில் உள்ளபடியே ‘மாளிகாவத்தை’ என்று சொன்னாலும் சிங்கள முச்சக்கரவண்டிக்காரருக்குப் புரியும். அவரே வாழைத்தோட்டம் போகவேண்டும் என்று கேட்டிருந்தால் வண்டி நகர்ந்திருக்காது. அதற்கு ‘கெசெல்வத்த’ என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

வாழைத்தோட்டம், கறுவாத்தோட்டம், புதுக்கடை, புறக்கோட்டை, முகத்துவாரம் எல்லாம் பொருளை வைத்து உண்டான பெயர்கள். இவற்றின் அழகை மறுக்க முடியாது. ‘குருந்துவத்த’ என்பதன் பொருள் தெரியாத தமிழ்ப் பிள்ளைக்கும் ‘கறுவாத்தோட்டம்’ என்றால் ஒரு காலத்தில் அங்கே கறுவா விளைந்தது விளங்கிவிடும். ஆனால் ஒரே நகரத்தில் இருமொழிக்காரர் ஒரே இடத்துக்கு ஒலியில் சம்பந்தமே இல்லாத இரு பெயர்களை வைத்திருந்தால், வழி கேட்பவர்தான் திண்டாடவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மணலாறு ‘வெலிஓய’ ஆனதும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்புத்தான். கறுவாத்தோட்டம் சனங்கள் வாயில் வந்த பெயர். வெலிஓய அரசின் குடியேற்றத்தோடு வந்த பெயர். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், மொழிபெயர்ப்பு ஒரு ஊர்ப்பெயரை எவ்வளவு சுலபமாக மறைத்துவிடும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். புதிதாக எந்த இடத்துக்கும் பொருள்பெயர்ப்பு வைக்கக் கிளம்பாமல் இருப்பது நமக்கே நல்லது.

ஐகாரத்திலும் குறைகள் உண்டு. அது பெயருக்கு இல்லாத பொருளைக் கொண்டுவந்துவிடும். பத்தரமுல்லையின் ‘முல்ல’ சிங்களத்தில் மூலை. நாம் ஐகாரம் சேர்த்ததும் அங்கே முல்லைக்கொடி படர்ந்துவிட்டது. வெள்ளவத்தையின் முதற்பாதி மணலைக் குறிக்கும் ‘வெல்ல’. லகரம் ளகரமானதும் கேட்பவருக்கு வெள்ளமோ வெள்ளையோ நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மழைக்கும் காலி வீதியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான் என்று சொல்லலாம், அது வேறு கதை. இதில் சிங்களமும் சளைத்ததல்ல: மட்டக்களப்பை ‘மடகலபுவ’ ஆக்கி, சேற்றுக் களப்பு என்று பொருள் கொள்கிறது. வவுனியாவுக்கு ஒரு ‘வ’வைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழ் மாளிகைதான் அங்கே போய் ‘மாளிகாவ’ ஆயிற்று என்பார்கள். கண்டியில் நாம் அதை ‘தலதா மாளிகை’ என்று திருப்பி எடுத்துக்கொண்டோம், மாளிகாவத்தையில் மட்டும் ‘மாளிகா’ என்று சிங்கள உருவிலேயே விட்டுவிட்டோம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

வீதிப்பலகைகளைப் பார்த்தால் இந்த ஒழுங்கின்மை இன்னும் பச்சையாகத் தெரியும். சிங்களத்தின் ‘பார’ தமிழில் வீதி: காலி வீதி. ‘வீதிய’ தமிழில் தெரு: கொம்பனித்தெரு. ஆனால் ‘மாவத்த’ மட்டும் பொருள் பெயர்க்கப்படாமல் மாவத்தை ஆகிவிடும்: ஸ்ரீ சங்கராஜ மாவத்தை, ஜயந்த வீரசேகர மாவத்தை. வத்தையும் மாவத்தையும் ஏதோ உறவு என்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்று தோட்டம், மற்றது பெருந்தெரு. ‘மாவத்த’வும் வீதியாகியிருக்கலாம். இன்று மாற்றப் போனால் தபால்காரர் முதல் உறுதி எழுதும் நொத்தாரிசு வரை எல்லோருக்கும் குழப்பம். இது இருந்துவிட்டுப் போகட்டும்.

விட்டுவிட முடியாதது ஒரே பெயருக்குப் பல எழுத்து. தெமட்டகொட, தெமட்டகொடை, கடுவெல, கடுவலை, ஹம்பாந்தோட்டை, அம்பாந்தோட்டை. பலகையில் ஒன்று, பத்திரிகையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. முன்பு இது வெறும் அழகுப் பிரச்சினை. இப்போது கணினியில் ஒரு எழுத்து மாறினால் ஆவணம் அகப்படாது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. பலகையில் தமிழ் இருக்கவேண்டும் என்று போராடி வென்றோம். என்ன தமிழ் என்று கேட்பதை மறந்தோம்.

என் தீர்ப்பு ஐகாரத்தின் பக்கம்தான். இலக்கணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் மாற்றி, மற்றதை உரியவர் சொல்லும்படியே விட்டுவைக்கும் வழி அது. ஆனால் இதுவரை ஐகாரம் பெறாத பெயர்களுக்கு அதை வலிந்து ஒட்டவேண்டாம். மகரகம மகரகமவாகவே இருக்கட்டும். பழைய தமிழ்ப் பெயர்கள் வழங்கும் இடத்தில் அவையும் பலகையில் வரட்டும். வாழைத்தோட்டம் என்று எழுதும்போது பக்கத்தில் கெசெல்வத்த என்று தமிழிலேயே எழுதிவிட்டால் வழி கேட்பவர் பிழைத்தார். பலகை எழுதக் கொடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வர்ணம் வாங்குவதற்கு முன், அந்தத் தெருவில் இருக்கும் தமிழ் பேசுபவர் ஒருவரிடம் பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.