இயற்கையா, இயற்பியலா? ஒரு புவியியற் கலைச்சொல்லின் பொருளெல்லை

ஆங்கிலத்தில் 'பிசிக்கல்' என்னும் அடையுடன் வழங்கும் புவியியற் பிரிவிற்குத் தமிழில் மூன்று பெயர்கள் காணப்படுகின்றன. தமிழ்நாட்டில் இயற்கைப் புவியியல் என்பதும், இலங்கையில் பௌதிகப் புவியியல் என்பதும் பெருவழக்கு. மொழிபெயர்ப்புகளில் இயற்பியல் புவியியல் என்னும் வடிவும் இடம்பெறுகிறது. இவை ஒருபொருட் சொற்களாகக் கொள்ளப்படினும் இவற்றின் பொருளெல்லைகள் வேறானவை.

இயற்பியல் புவியியல் என்பதன் குறை சொல்லமைப்பிலேயே உள்ளது. இந்தியில் 'பௌதிக்' என்பது அடை. 'பௌதிகீ' என்பது துறைப்பெயர். ஆதலின் 'பௌதிக் பூகோள்' என்பதில் மயக்கம் எழுவதில்லை. இலங்கைத் தமிழிலும் பௌதிக என்னும் அடை, பௌதிகவியல் என்னும் துறைப்பெயரினின்று பிரிந்து நிற்கிறது. தமிழ்நாட்டு வழக்கிலோ இயற்பியல் என்பது துறைப்பெயராகவே நிலைபெற்றுவிட்டது. அதனை அடையாக்கும்போது, புவியின் காந்தப்புலத்தையும் நிலநடுக்க அலைகளையும் ஆராயும் புவி இயற்பியலோடு இப்பிரிவு மயங்குகிறது.

இயற்கைப் புவியியல் என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. மானிடப் புவியியலுக்குத் தெளிவான எதிர்நிலையாகவும் அமைகிறது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை முதலான அணைகள் வண்டலைத் தடுப்பதால் காவிரிக் கழிமுகத்தில் நிகழும் மாற்றம் இப்பிரிவின் ஆய்வுப்பொருளே. ஆயினும் அது முற்றிலும் இயற்கை நிகழ்வன்று. மேலும், 'நேச்சுரல்' என்பதற்கும் இயற்கை என்பதே வழங்குவதால், இவ்விரு அடைகளும் ஒரே தொடரில் வரும்போது மொழிபெயர்ப்பில் வேறுபாடு மறைந்துவிடுகிறது.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் என்னும் கோட்பாடே இச்சிக்கலுக்கு அடிப்படை. அவ்வடையின் பொருளை உறுதி செய்வது அதன் எதிர்ச்சொல்லாகும். எதிர்ச்சொல் 'மானிட' எனின் இயற்கைப் புவியியல் பொருந்தும். பாறைச் சிதைவைக் குறிக்குமிடத்து எதிர்ச்சொல் 'இரசாயன' என்பதாகும். வெப்பமாற்றத்தால் பாறை பிளவுறுதலை இயற்பியல் சிதைவு எனல் அங்குத் தகும். நிலப்படங்களில் எதிர்ச்சொல் 'அரசியல்'. மலை, சமவெளி, ஆறு ஆகியவற்றைக் காட்டும் படத்தை நிலத்தோற்றப் படம் என்பதே தெளிவு.

கலைச்சொல் அகராதிகள் நிகரன்களை மட்டும் வரிசைப்படுத்தாது, ஒவ்வொன்றுடனும் அதன் எதிர்ச்சொல்லையும் தருதல் வேண்டும். அவ்வாறு தரின், மொழிபெயர்ப்பாளர் ஒலியொப்புமையை நம்பாது பொருளை நோக்கிச் சொல்லைத் தெரிவு செய்ய இயலும்.