வாவியின் பாடலும் யாழ் நூலும்

எழுதுவோர் எதன்பொருட்டு எழுதுகின்றனர்? பொருளும் புகழும் என்பதே விடையாயின், விபுலானந்த அடிகளார் அக்கணக்கில் அடங்கார். காரைதீவிற் பிறந்த அவ்விஞ்ஞானப் பட்டதாரி, பதினான்கு ஆண்டுகள் உழைத்து, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் கணித்து, வழக்கொழிந்த யாழினை ஏட்டிலேனும் மீட்டெடுத்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; மறுதிங்களில் ஆசிரியர் மறைந்தார்.

அந்நூலைப் போற்றுவோர் பலர். படித்து இன்புற்றோர் மிகச் சிலர். அவர்தம் 'நீரர மகளிர்' பாட்டின் நிலை வேறு. நிலவுக் காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருப்போர் கேட்கும் ஒலியை 'மீன் பாடுகிறது' என்பது மட்டக்களப்பு வழக்கு. (பாடுவது மீனா, சிப்பியா என்னும் வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை.) அடிகளாரோ அங்கே நீரர மகளிரின் இசையைக் கேட்டார்.

அப்பாட்டின் சந்தம் துள்ளி வருவது. ஆயினும் அதனிடையே இசைநூற் கலைச்சொல் வந்து நிற்கும்; உடனே அகராதியை நாடும் மாணவன் சந்தத்தை இழந்துவிடுகிறான். இதனைக் குறையன்று என்பாரும் உளர். குறையே. ஆனால், அடிகளார் எழுதிய காரணத்தைக் காட்டிக்கொடுப்பதும் அக்குறைதான். நிலவையும் நீரையும் பாடும்போதும் அவர் செவி சுரத்தையே தேடிற்று. செவிப்பட்ட இனிமையை நழுவவிடாத அவ்வேட்கை, பாட்டிற் சந்தமாயிற்று, நூலிற் கணக்காயிற்று.

ஆதலின் வகுப்பறையில் இப்பாட்டிற்குப் பதவுரை முற்படலாகாது. இருமுறை உரக்கப் படித்தபின், பொருள் விளங்காத இசைச்சொற்களைக் குறித்துக்கொண்டு யாழ் நூலைத் திறக்கும் மாணவனுக்கு, அதன் கணக்குகள் அத்துணை வறட்சியாய்த் தோன்றமாட்டா.